டேஸ்டிங் ரூமில் ஒரு வாடை

பூ வைக்கக்கூடாது, பவுடர் பூசக்கூடாது, செண்டு என்ற பேச்சே கூடாது. எங்கள் தேயிலை ஃபேக்டரியின் டேஸ்டிங் ரூமுக்குள் போக வேண்டுமென்றால் இதுதான் சட்டம். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான்.

ஒன்பது வருஷம் பேக்கிங்கில் நின்று தூசி தின்ற பிறகுதான் எனக்கு அந்த அறை கிடைத்தது. தூளை நிறுத்துப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கப்புகளை வரிசையாக வைத்துக் கொடுக்கும் வேலை. ருசி பார்ப்பவர் ஃபேக்டரி ஆபீசர். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "இந்தக் கப்புல சாக்கு வாடை வருதுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். உறிஞ்சிப் பார்த்தார். தொட்டியில் துப்பினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றிலிருந்து எனக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்தார். "மூக்குன்னா இந்தம்மா மூக்குங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன மழைக்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அவர் காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே அவருடைய செண்டு படியேறி வந்துவிட்டது. வியாபாரிக்குச் சட்டம் கிடையாது. இரண்டு கப் குடித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "ரூம்ல ஏதோ வாடை அடிக்குதுங்களே."

ஆபீசர் சுற்றிலும் பார்த்தார். பார்வை என் மேல் வந்து நின்றது. வெளியே குளிர்; உள்ளே ஜன்னலெல்லாம் அடைத்து, கெட்டில் ஆவியில் நான் ஸ்வெட்டரோடு வேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த கப்பை எடுத்துக்கொண்டார். மத்தியானம் ஆபீஸ் கிளார்க் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் சுத்தமா வரச் சொல்லி சார் சொல்லச் சொன்னாருங்க. இல்லீன்னா மறுபடியும் பேக்கிங்குக்கே போட்டுருவாரு போல."

தினமும் வெந்நீரில் குளித்துவிட்டு வருகிறவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. கோபம் அப்போது வரவில்லை. வந்திருக்க வேண்டும். மறுநாள் அறைக்குள் நுழைந்ததும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். வாடை இருக்கத்தான் செய்தது. புளித்து அழுகின மாதிரி. கையைத் தூக்கினால் அது இன்னும் கூடுவதாகத் தோன்றியது.

கடையில் விற்கிற ஸ்ப்ரே எல்லாம் மணக்கும். அதைப் போட்டால் அடுத்த நிமிஷமே பேக்கிங்தான். மணமே இல்லாத ஒன்று வேண்டும். போனில் தேடினேன். ஒரு பெண் சிரித்தபடி ஆப்பசோடாவில் எலுமிச்சை பிழிந்து அக்குளில் தேய்க்கச் சொன்னாள். இயற்கையானதாம். தேய்த்தேன். முதல் நாள் சுரீர் என்றது. மூன்றாம் நாள் சிவந்தது. ஆனால் அறைக்குள் போனால் வாடை அப்படியே இருந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று சவரமும் செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

ஒரு வாரத்தில் தோல் உரிந்து நீர் கசிந்தது. ஜாக்கெட் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் உயிர் போனது. அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் வேறு. கெட்டிலைத் தூக்கி ஊற்றும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

"எனக்கு ஒரு வாடையும் அடிக்கலியே" என்றார்.

"உங்களுக்கு வருஷம் பூரா சளி. உங்க மூக்கக் கேட்டு நான் வேலை பாக்கறதா?" என்று அவர் வாயை அடைத்தேன்.

கடைசியில் கையைக் கீழே இறக்கவே முடியாமல் போனபோது குன்னூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன போட்டீங்க?"

"ஆப்பசோடாவும் எலுமிச்சம்பழமுங்க."

"ஆப்பத்துக்குப் போடுங்க. இது தோலுங்க" என்றார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். எரிந்தால் குளிர்ந்த ஈரத்துணி. களிம்பு மெல்லிசாக. தொளதொள பருத்தி ஜாக்கெட். ஆறும்வரை பிளேடு பக்கம் போகக்கூடாது. நன்றாக ஆறின பிறகு போட்டுக்கொள்ள, மணமும் சோடாவும் ஸ்பிரிட்டும் சேராத ஒரு ரோல்-ஆன் எழுதிக் கொடுத்தார். அதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டுமாம்.

மூன்று வாரம் லீவு. வீட்டில் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோல் ஆறிவிட்டது, இந்நேரம் என் ஸ்பூனை யார் பிடித்திருக்கிறார்களோ என்ற நினைப்புதான் ஆறவில்லை.

திரும்பப் போன அன்று ரோல்-ஆனைப் போட்டுக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு நுழைந்தேன். வாடை இல்லை! இழுத்து இழுத்து மோந்தேன். துளிகூட இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஸ்பூன் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது, துப்புகிற தொட்டிக்கு அடியில் புத்தம்புது வெள்ளை பைப் தெரிந்தது.

கிளார்க் பெண்ணிடம் கேட்டேன். "அதுங்களாக்கா? நீங்க லீவுல போயும் வாடை போகலீங்க. பிளம்பர் வந்து பழைய பைப்பக் கழட்டினாரு. உள்ள ஒரு பக்கெட் எலச்சக்கை அழுகிக் கெடந்துச்சுங்க்கா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் லீவுல இருந்தீங்களே."

நேராக ஆபீசரிடம் போனேன். "ஏனுங்க சார், வாடை பைப்புல இருந்துதான் வந்துதுங்களா?"

"ஆமாங்க, பைப்புதான். மாத்தியாச்சு. இப்ப வாடை இல்லீல்ல? விடுங்க" என்று கப்பை என் பக்கம் தள்ளினார். "இது எப்படின்னு பாருங்க."

சளி பிடித்த மூக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது. ஊரே மெச்சின மூக்கு, பக்கத்திலிருந்த பைப்பை விட்டுவிட்டு என் உடம்பைக் குற்றம் சொல்லியிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஸ்பூனைக் கையில் எடுத்தேன். எடுத்தவுடன் கப்பை மோக்கவில்லை. முதலில் என் தோளை மோந்து பார்த்தேன். அது தானாக நடந்தது. இப்போதும் தினமும் நடக்கிறது. அதற்குப் பிறகுதான் கப்பை மோந்தேன்.

"புகை வாடை இருக்குங்க சார்" என்றேன்.

அவர் உடனே எழுந்து, தூள் காயவைக்கிற அடுப்பைப் பார்க்க ஆள் அனுப்பினார்.