தலைக்கு இத்தனை லட்சம்

பட்ஜெட் வந்த மறுநாள், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு வகுத்தல் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுவது என் வழக்கம். மேலே ராணுவத்துக்கு ஒதுக்கிய தொகை, கீழே சிப்பாய்களின் எண்ணிக்கை. தலைக்கு இத்தனை லட்சம் என்று விடை வரும். நாமக்கல்லில் பொருளாதாரம் நடத்தும் வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய வீரம் வாய்க்காது.

தம்பி பட்டாளத்தில் சேர்ந்த வருஷம் அந்த விடையை அம்மாவிடம் சொன்னேன். "ஒருத்தனுக்கு அத்தனையா? அப்பப் பையன நல்லாப் பாத்துக்குவாங்க" என்று நிம்மதியானாள். நானும் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். "துப்பாக்கி வேண்டாஞ் சாமி, டிரைவர் வேலையாக் கேளு. மூட்டை ஏத்திட்டுப் போறவன யாரு சுடப்போறாங்க?" என்று சொல்லித்தான் தம்பியை அனுப்பினார். லாரி சோறு போடும் ஊர் இது. வேறு யாராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

முதல் லீவில் வந்த தம்பி என் கணக்கைக் கேட்டுச் சிரித்தான். "அதுல பீரங்கி, கப்பல் எல்லாம் சேத்திங்கண்ணா. எனக்குன்னு யாரு தனியா எடுத்து வெக்கறாங்க?" வண்டிகளுக்கும் ரகம் உண்டு என்றான். கவசம் போட்ட டாங்கிகள் ஏ. மண் அள்ளுபவை சி. அவன் ஓட்டும் லாரி பி. "நம்மூரு லாரியேதானுங்க. பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கும்." அதைக் கேட்ட பிறகு அப்பாவுக்கு இருந்த கொஞ்ச பயமும் போய்விட்டது.

போன மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்து அந்த லாரி பள்ளத்தில் உருண்டது. யாரும் சுடவில்லை. உடலைக் கொண்டுவந்த அதிகாரியிடம் அப்பா அழாமல் கேட்டார்: "கேபின் கூரைக்கு எத்தனை இரும்புச் சட்டம் வெச்சிருந்தாங்க?" அவர் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். "நானாயிருந்தா இன்னும் ரெண்டு வெச்சிருப்பேனுங்க" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை. நாந்தானே லாரி ஓட்டச் சொன்னேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த வருஷமும் பட்ஜெட் வந்தது. கீழே இருந்த எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுத்தேன். விடையில் ஒரு மாற்றமும் இல்லை. என்மீதே வெறுப்பு வந்து பலகையை அழித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "இந்த வருஷம் ஒருத்தனுக்கு எத்தனை வருது?"

"கூடியிருக்குதுங்கம்மா" என்றேன்.