கைக்கு அடங்கும் துவக்கு

போன மாரியில் எங்கள் கடைக்குள் ஒருவன் துவக்கோடு வந்தான். அமெரிக்க எல்லைக்கு வடக்கே பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதியில் நானும் கணவரும் நடத்துகிற சின்ன டெப்பனர் அது. பால், பாண், பியர், சிகரெட், லொத்தர் சீட்டு விற்கிற கடை. மத்தியானம் திரும்பிய நேரம். கணவர் மொத்தக் கடைக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். வந்தவன் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். இரண்டு கையையும் மேசையில் வை என்று பிரெஞ்சில் சொன்னான். வைத்தேன். எட்டிக் கல்லாவை வழித்தான், சிகரெட்டைப் பைக்குள் தட்டினான். வாசலில் நின்று "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான். துவக்கைக்கூட மறந்துவிடுவேன் போலிருக்கிறது, அந்த மெர்சியை மறக்க முடியவில்லை. நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அதன் பிறகு ஊரெல்லாம் எனக்குப் புத்தி சொன்னது. கமரா பொருத்து, கண்ணாடி போடு, நாய் வளர். கோயிலில் கண்டவர்கள்கூட, நீ அவனுடைய கண்ணைப் பார்த்திருக்கக் கூடாது என்றார்கள். மேசைக்குப் பின்னால் நின்றவள் நான். எப்படி நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆடி மாதம் கோயில் திருவிழாவுக்கென்று என் தம்பி அமெரிக்காவிலிருந்து காரில் வந்தான். அங்கே தென்பக்கத்து மாநிலம் ஒன்றில் பெற்றோல் ஷெட் வைத்திருக்கிறான். அவனும் மனைவியும்தான் அதைப் பார்க்கிறார்கள். இந்தமுறை மச்சாள் வரவில்லை. ஷெட்டைப் பார்க்க ஆள் வேண்டுமாம்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ கோயிலில் தேர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். சாப்பாட்டு மேசையைத் துடைத்து முடிக்கவில்லை, தம்பி ஒரு பையிலிருந்து இரண்டு நீல நிறப் பொருள்களை எடுத்து வைத்தான். இரண்டும் சின்ன ரிவோல்வர்கள். நான் பின்னால் போய்க் குளிர்சாதனப் பெட்டியில் முட்டிக்கொண்டேன். அவன் சிரித்தான். வெறும் பிளாஸ்டிக், பழகுவதற்கு விற்கிற போலி, எல்லையில் காட்டித்தான் கொண்டுவந்தேன் என்றான்.

மச்சாளுக்கு வாங்கப் போகிறானாம். தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்ய. இரண்டில் எது என்று முடிவு வரவில்லை. அவளுடைய கையும் என்னுடைய கையும் ஒரே அளவு என்பதால் நான் பிடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"நீ ஒருக்கா அனுபவப்பட்டனி தானே அக்கா. உனக்குத்தான் தெரியும்" என்றான்.

அவன் என் கணவருக்கு விளக்கத் தொடங்கினான். ஒன்று ஐந்து குண்டு. அலுமினிய உடம்பு. குண்டை அடிக்கிற குதிரை பின்னால் துருத்தாது என்பதால் உடுப்பில் கொழுவாது. ஆனால் பாரம் குறைந்ததால் சுடும்போது கையைப் பிய்க்கும். மற்றது ஆறு குண்டு, முழு இரும்பு. அடங்கிச் சுடும், ஆனால் நாள் முழுக்க இடுப்பை இழுக்கும். பாரத்தைக் காட்ட என் அலுமாரியைத் திறந்து ஒரு ரின்மீன் தகரத்தை எடுத்தான். முதலாவது இவ்வளவு. அதன் மேல் ஒரு சவர்க்காரக் கட்டியை வைத்தான். இரண்டாவது இவ்வளவு.

கணவர் ரின்மீனையும் சவர்க்காரத்தையும் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு சின்னதை எடுத்து வேட்டி மடிப்பில் செருகினார். சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். இந்த நாட்டில் சட்டம் விடாது, விட்டிருந்தால் அன்றைக்கு அந்த நாய் நடந்து வெளியே போயிருக்க மாட்டான் என்றார். அன்றைக்குக் கடையிலேயே இல்லாத மனிதர்.

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. நாங்கள் வளர்ந்த இடத்தில் துவக்கு இல்லாத சந்தி இருந்ததா? ஆமிக்காரன் வைத்திருந்தான், இயக்கப் பெடியள் வைத்திருந்தார்கள். எவன் வைத்திருந்தானோ அவன் கதைத்தான், மற்றவர்கள் கேட்டோம். அதிலிருந்து ஓடிவந்த என் தம்பி, என் சாப்பாட்டு மேசையில் செருப்புக் கடையில் சோடி பார்ப்பதுபோலத் துவக்குப் பார்க்கிறான்.

"அவளிட்டக் கேட்டனியா, அவளுக்கு இது வேணுமோ எண்டு?" என்றேன்.

ஓம், ஓம் என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மச்சாளை வீடியோவில் கூப்பிட்டேன். மச்சாள் ஷெட்டில் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். பின்னால் சிகரெட் அடுக்கு. என் கடை மாதிரியே இருந்தது. உங்களைக் கேட்காமல் இவன் ஆடுகிறான், நான் நிற்பாட்டுகிறேன், பயப்படாதேயுங்கோ என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத் திரும்பினாள். "நான்தான் கேட்டனான் மச்சாள்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"பின்னேரத்தில தனிய நிக்கப் பயமாக் கிடக்கு, ஆளொண்டு வையுங்கோ எண்டு கனகாலமாக் கேட்டுப் பாத்தன். பாப்பம், பாப்பம் எண்டார். துவக்கொண்டு வாங்கித் தாங்கோ எண்டன். அண்டைக்கே ஓம் எண்டிட்டார்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவளுக்கும் சேர்த்து எனக்கு வந்தது. பிறகு அவள் என்னைக் கேட்டாள், அன்றைக்கு என்னிடம் ஒன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று. அதுவரை அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. என்னுடைய இரண்டு கையும் மேசையில் இருந்தன, எடுக்க நினைத்திருந்தால் இன்றைக்கு உங்களோடு கதைத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்றேன். ஆனாலும் வேண்டும் என்றாள். வெறும் கையோடு நிற்க இனி ஏலாது என்றாள். அவளிடம் நான் என்ன வாதாடுவது? அவள் நிற்கிற இடம் எனக்குத் தெரியும்.

வெளியே வந்தேன். இருவரும் இன்னும் ரின்மீனோடு இருந்தார்கள்.

"அவள் கேட்டது பக்கத்தில நிக்க ஒரு ஆள். நீ குடுக்கிறது ஒரு துவக்கு" என்று தம்பியிடம் சொன்னேன். "நீ போய் அவளுக்குப் பக்கத்தில நிண்டால் அவளுக்கு இது தேவையில்லை. தேர் பாக்க வந்தவன் தேரைப் பாத்திட்டுப் போ."

அங்கே ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம், இங்கே இருந்துகொண்டு உனக்கு என்ன தெரியும் என்று அவன் தொடங்கினான். கணவர் நடுவில் வந்து, சரி விடு, அவன் அவளுடைய பாதுகாப்புக்குத்தானே வாங்குகிறான் என்றார். நான் அவர் பக்கம் திரும்பினேன். கடையில் என்னைத் தனியே விட்டுப் போகாதேயுங்கோ, அந்த நேரம் சனம் இல்லை என்று நான் எத்தனை முறை சொன்னேன் என்று கேட்டேன். அவர் இடுப்பிலிருந்த நீலத் துவக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

அதன்பிறகு இரண்டையும் நான் கையில் எடுத்தேன். மச்சாளுக்கு நேர்மையான பதில் ஒன்று சொல்லவேண்டும் என்று தோன்றியது. சின்னதில் என் சுண்டுவிரலுக்கு இடமில்லை, காற்றில் தொங்கியது. பெரியதில் எல்லா விரலும் நின்றன. அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: பெரியது. தம்பியிடம் சொல்லவில்லை.

அவன் அடுத்த நாள் விடியவே கிளம்பிவிட்டான். நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுக்கவில்லை.

மச்சாள் தானே துவக்குக் கடைக்குப் போய் அந்தப் பெரிய இரும்புத் துவக்கையே வாங்கினாள். பழகுகிற இடத்தில் உள்ளங்கை கண்டிப்போனது என்று படம் அனுப்பினாள். தம்பி ஆள் வைக்கவில்லை. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, பொழுதுபட்டதும் ஷெட் பூட்டப்படும் என்று அவளே எழுதிக் கதவில் ஒட்டினாள். அவன் கத்தினானாம். அவள் பூட்டினாளாம். துவக்கை இன்னும் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறாள். இடுப்பு நோகிறது என்கிறாள், கழற்றமாட்டேன் என்றும் சொல்கிறாள்.

என் கணவர் இப்போது கடை திறக்கமுன் விடிய வெள்ளன மொத்தக் கடைக்குப் போய் வந்துவிடுகிறார். நான் நன்றி சொல்லவில்லை. முதன்முதல் கேட்டபோதே செய்திருக்க வேண்டிய வேலைக்கு எதற்கு நன்றி? தம்பி நத்தார் விடுமுறைக்கு வருகிறானாம். மச்சாளைக் கூட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் வராதே என்று சொல்லியிருக்கிறேன்.