கன்னத்தில் வைத்த கல்

கன்னிவாடி மலையடிவாரத்தில் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் துளை போட்டது மழை பொய்த்த ஆண்டு. பக்கத்து மல்லிகைத் தோட்டத்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயிலிருந்து கல்துண்டை உருவும்போதெல்லாம் வரப்பைத் தாண்டி ஓடிவந்து, அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.

"வெள்ளைக்கல் ரேகையிலதாம்மா தங்கம் ஒளிஞ்சிருக்கும். இது வெறுங்கல்லு," என்றேன்.

"தங்கம் கெடக்கட்டும் தம்பி. கல்லு சில்லுன்னு இருக்கே, கீழ தண்ணி இருக்குல்ல?"

"அது நாங்க ஊத்துற தண்ணிம்மா. ஊத்தலைன்னா மிஷின் சூடாயிரும்."

அவர் எங்கள் டேங்கர் லாரியைப் பார்த்தார். வாடிய செடிகளைப் பார்த்தார்.

"இம்புட்டையும் ஓட்டைக்குள்ளயா ஊத்துறீங்க?"

அடுத்த குழாயை மாட்டச் சொல்லி மிஷின்காரருக்குக் கை காட்டினேன்.

தங்கம் கிடைக்கவில்லை. இன்றும் எந்த ஊரில் டேங்கர் வந்து நின்றாலும், யாராவது வரப்பைத் தாண்டி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.