எல்லைச் சிங்கத்தின் மேல் ஒட்டிய கிளி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டித் தொடங்கி, வெம்பக்கோட்டை ரோட்டில் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி கட்டினேன். எவன் தயவும் கிடையாது. வெடி பாதி மருந்தால் விற்கும், பாதி பெட்டி மேல் இருக்கும் படத்தால் விற்கும். இதைப் படித்தவன் எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எங்கள் பக்கத்து அரசியல்வாதி ஒருவர். முதல் தேர்தலில் குடிதண்ணீர், ரோடு என்றுதான் பேசினார். டெல்லிக்குப் போனதும் எல்லை, ராணுவம், அண்டை நாடு என்று பிடித்துக்கொண்டார். அதிலேயே மந்திரியும் ஆகிவிட்டார். டிவியில் அவர் விரலை நீட்டி மிரட்டினால் வடக்கே கைதட்டுகிறார்கள். இங்கே குழாயைத் திறந்தால் காற்று வருகிறது.

இருந்தாலும் வியாபாரம் வேறு. வடநாட்டு வியாபாரி ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டதால், தீபாவளி ஆர்டருக்கு இந்த மந்திரி படத்தையே லேபிளாக அடித்தேன். பீரங்கி வண்டி மேல் நின்று விரலை நீட்டுகிறார். கீழே ‘எல்லைச் சிங்கம்’. பார்த்துவிட்டு அவருடைய உதவியாளர், “அண்ணாச்சி, தலைவருக்கு அம்புட்டு சந்தோசம்” என்றார்.

லோடு ஏற்ற லாரி வந்து நின்ற காலையில் அதே ஆளிடமிருந்து போன்.

“அண்ணாச்சி, அந்தப் பெட்டி ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. தலைவரு சமாதானம் பேசப் போறாரு.”

“லாரி வாசல்ல நிக்குதுய்யா. இப்ப விட்டா சரக்கு தீபாவளிக்குப் போய்ச் சேராது. பெறகு பொங்கலுக்கா விக்க?”

“நாட்டுப் பாதுகாப்பு விசயம், அண்ணாச்சி.”

ஒரு வருச உழைப்பு குடோனில் அடுக்கிக் கிடக்கிறது, இவர் எனக்கு நாட்டைப் பற்றிச் சொல்கிறார்!

பழைய கிளி லேபிள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. பெண்களை உட்காரவைத்துச் சிங்கத்தின் மேலேயே ஒட்டச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன், இந்த வயதிலும் என் கை வேகத்துக்கு அங்கே ஈடு இல்லை. பசை தடவிய ஒருத்தி சிரித்தாள்.

“மொதலாளி, கிளி சின்னதா இருக்கு. மூஞ்சி மறைஞ்சிருச்சு, வெரலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கி.”

“அந்த வெரலாலதான் இம்புட்டுப் பாடு. இன்னொரு கிளிய எடுத்து அதுமேலயும் ஒட்டு, தாயி.”

மறுநாள் மத்தியானம் கடைசிப் பெட்டிகள் ஏறும்போது மறுபடியும் போன்.

“அண்ணாச்சி, பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சு. தலைவரு எல்லைக்கே போறாரு. சிங்கத்தையே அனுப்பிருங்க.”

“ஒட்டியாச்சுய்யா. உரிச்சா பெட்டியும் சேந்து கிழியும்.”

“தலைவரு கேட்டா நான் என்ன சொல்ல?”

“சண்டையா சமாதானமான்னு ஆடி மாசமே முடிவு பண்ணச் சொல்லும். எங்களுக்கு சீசன் இருக்கு.”

போனை வைத்துவிட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொன்னேன். லாரி கிளம்பியது.

தீபாவளி கழிந்து வடநாட்டு வியாபாரி கூப்பிட்டார். சிங்கம் கேட்டால் கிளி எப்படி வரும் என்று ஒரே கத்தல். முழுக்கக் கத்தவிட்டு, சரக்கு விற்றதா என்று கேட்டேன்.

விற்றுவிட்டதாம். பிறகென்ன?