ராட்டினத்தில் ஏறிய அரண்மனை

ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டு, அதற்குக் கூலியும் வாங்குகிற தொழில் உலகத்தில் எங்கள் ராட்டினத் தொழில் ஒன்றுதான். பஸ்காரர் இப்படிச் செய்தால் அடி விழும். எங்களிடம் மட்டும் ஜனங்கள் சிரித்துக்கொண்டே இறங்கி, இன்னொரு சுற்றுக்கும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

திருவிழா மைதானங்களில் வளையலோ பலூனோ அல்வாவோ பரப்பி வைத்துக்கொண்டு, மழை வருமா வராதா என்று ஆகாயத்தையே பார்த்துப் பிழைத்த சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். திருவிதாங்கூர் நாணயமான சக்கரமும் காசும் போய் அணா வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நானும் என் அண்ணன் தாணுவும் நாஞ்சில் நாட்டுத் திருவிழாக்களில் தொட்டில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தோம். மரத்தில் செய்த நாலு பெட்டி, பெட்டிக்கு நாலு பேர், நடுவில் ஓர் அச்சு, கீழே நின்று கையால் இழுத்துச் சுற்ற நானும் எங்கள் கூலியாள் செல்லையாவும். இவ்வளவுதான் எங்கள் ஆஸ்தி.

அண்ணன் கண்ட காட்சி

கோட்டாற்றுத் திருநாளுக்கு மதுரைக்காரர் ஒருவர் இரும்பு ராட்டினம் கொண்டுவந்து எங்களுக்கு எதிரிலேயே நட்டார். அதில் எஞ்சின் இருந்தது. பெட்டிக்குப் பெட்டி சினிமாக்காரர்களின் படமும் இருந்தது. ஊர் முழுவதும் அங்கே போய் மொய்த்தது. எஞ்சின் வேகத்தில் அது பறந்ததை நான் பார்த்தேன். அண்ணன் பார்த்தது படங்களை மட்டும். "கேட்டியா லே, ஜனத்துக்கு இப்பம் சினிமாவாக்கும் வேணும்" என்றார். அந்தச் சமயம் நாகர்கோவில் டாக்கீஸில் ஒரு ராஜா ராணிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதற்கு ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி தினமும் போய்வந்தார். பிறகு டாக்கீஸுக்குப் பலகை எழுதும் ஆர்ட்டிஸ்டையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்னால் ஓர் அரண்மனை வாசல், பெட்டிகளின் மேல் ஆளுக்கொரு கோபுரம், பெட்டிக்குள் சாய்கிற பலகையில் ராஜா, ராணி, கோமாளி, கெட்ட மந்திரி என்று கதையே வந்துவிட வேண்டும் என்பது திட்டம்.

அரண்மனை என்றால் சும்மா வருமா? அண்ணன் பெண்சாதி, என் மைனி பகவதிக்குச் சீதனமாக வந்த தென்னந்தோப்பு, எங்கள் பேச்சில் தென்னவிளை, ஒன்று இருந்தது. அதை விற்றுத்தான் பலகையும் சாயமும் ஜிகினாவும் வாங்கினார். மைனி சண்டை போடவில்லை, அழவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தவள், ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

"மனுசன் ராட்டினத்துல ஏறுனா பயந்து கண்ண மூடிக்கிடுவான். மூடுன கண்ணுக்கு எதுக்கு படம்?"

மந்திரியின் பெட்டி

அரண்மனையோடு முதலில் போய் இறங்கியது தக்கலையில். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம்! அண்ணன் என்னைப் பார்த்து மீசையை முறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தோம். எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள், அப்படியே அல்வாக் கடைப் பக்கம் நடந்துவிடுகிறார்கள். வாசலில் நின்றே அரண்மனையைப் பார்த்துவிட முடிந்தால் காசு கொடுத்து யார் உள்ளே வருவார்?

ஏறியவர்களாலும் நிம்மதி இல்லை. ராணி பெட்டிக்கு அடிதடி. ராஜா பெட்டிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைச்சல். மந்திரி பெட்டியில் மட்டும் ஒருவரும் உட்கார மாட்டேன் என்றார்கள். படத்தில் அவன் ராணியின் கூந்தலைப் பிடித்து இழுத்ததை ஊரே பார்த்திருக்கிறது; அவன் மடியில் போய் யார் உட்காருவது? கையால் சுற்றுகிற ராட்டினத்துக்கு நாலு பெட்டியும் சமமாகக் கனக்க வேண்டும். ஒன்று காலியானால் எதிர்ப்பெட்டி கீழேயே படுத்துக்கொள்ளும். மேலே தூக்கினால் தொபீரென்று விழும். நானும் செல்லையாவும் மூச்சு வாங்கி நின்றோம். கடைசியில் பக்கத்து இட்லிக்கடையில் கெஞ்சி, அம்மியையும் ஆட்டுரலையும் தூக்கி மந்திரி பெட்டியில் உட்கார வைத்தோம். ராட்டினம் ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தது. வரிசையில் வெகு நேரம் நின்றிருந்த ஒரு பாக்கு வியாபாரி அண்ணாந்து பார்த்தார். உச்சியில் ஆட்டுரல் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது.

"நாங்க துட்டக் கையில வச்சிக்கிட்டு வெயில்ல நிக்கோம். ஆட்டுரலு ஓசியில சுத்துது, பாத்தீரா வே!"

முதுகில் வந்த ராணி

அடுத்து தேங்காய்ப்பட்டணம். கடற்கரை ஈரத்தில் ஆர்ட்டிஸ்டின் சாயம் வேர்த்துவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னது? கொப்பரை வியாபாரம் செய்கிற ஒரு பெரியவர், வெளுத்துத் தேய்த்த ஜிப்பாவோடு வந்து ராணி பெட்டியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இறங்கும்போது ராணி பெட்டியில் இல்லை. கிரீடம், புருவம், மூக்குத்தி எல்லாம் அவர் முதுகில் அச்சாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் சிரிக்கவும், அவர் ஜிப்பாவைக் கழற்றிப் பார்த்தார்.

அண்ணன் மண்ணெண்ணெயும் துணியுமாக ஓடினார். துடைக்கத் துடைக்க ராணி இன்னும் கொஞ்சம் விரிந்து தோள்வரை வந்தாள். பெரியவர் கோபப்பட்டிருந்தால்கூட நியாயம் என்று இருந்திருப்போம். அவர் ஜிப்பாவை நாலாக மடித்து, மிக மரியாதையாக அண்ணன் கையில் கொடுத்தார்.

"இவள நீரே வச்சிக்கிடும் பிள்ளே. ஊட்டுல ஒருத்தி இருக்கா, அவளுக்கு என்னால பதில் சொல்ல ஒக்காது."

கடியப்பட்டணத்தில் ஓர் உறக்கம்

நாலு கோபுரமும் பலகையுமாகச் சேர்ந்து ராட்டினத்தின் கனம் இரட்டித்துவிட்டது. முன்பு ஒரு இழுப்பில் பறந்த பெட்டி, இப்போது மாசமான பெண் படியேறுகிற மாதிரி ஏறியது. "கோபுரத்தையாவது கழற்றுவோம் அண்ணே" என்று சொன்னேன். "லேய், ராஜா ஓடுவாரா? பைய எழுந்தருளுவாரு. அப்பதான ஜனம் படத்த நின்னு பாக்கும்" என்றார். அதற்கு மேல் ஒரு கிராமபோனும் வந்து சேர்ந்தது. விளையை விற்றதில் மிச்சம் மீதி இருந்ததும் அதோடு தீர்ந்தது. அண்ணன் ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மைனி என்னிடம் சொன்னாள். கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

கடியப்பட்டணம் கோயில் திருநாளுக்கு வந்தவர்கள் யார்? விடியுமுன் கட்டுமரத்தில் ஏறி, தென்னை உயரத்துக்கு எழும்புகிற அலையைத் தாண்டிப் போகிற ஆட்கள். அவர்களைப் பெட்டியில் ஏற்றி, நாங்கள் பைய எழுந்தருளச் செய்தோம். பாட்டு ஓடியது, பெட்டிகளிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ராட்டினத்தில் அலறல் கேட்காவிட்டால் அந்தத் திருவிழா எங்களுக்குப் போச்சு என்று அர்த்தம். அந்த அலறல்தான் எங்கள் நோட்டீஸ். சுற்று முடிந்ததும் ஒரு பெட்டியிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். நாலாவது ஆள், நரைத்த தாடிக்காரர், அசையவில்லை. பயத்தில் மயங்கிவிட்டார் என்று அண்ணனுக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. தோளைத் தொட்டு எழுப்பினோம். அவர் சாவகாசமாகக் கொட்டாவி விட்டார்.

"நல்ல உறக்கம் மக்கா. தொட்டில்ல கெடந்த பொறவு இப்படி உறங்குனது இன்னைக்குத்தான்."

மண்டைக்காட்டுக் காற்று

அந்த வருஷத்துக்கு எங்களுக்குக் கடைசித் திருவிழா மண்டைக்காட்டுக் கொடை. திங்கள்சந்தையிலிருந்து ஒரு மர வியாபாரி முதல் நாளே வந்து, ராட்டினத்தின் கால்களைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கொடையில் கூட்டம் ஏறாவிட்டால் ராட்டினத்தைப் பிரித்து அவரிடம் கொடுத்துவிடுவதென்று அண்ணன் பேசி வைத்திருந்தார். விளையும் போய், ராட்டினமும் போனால் பிறகு என்ன செய்வது?

மத்தியானம் கடல்பக்கமிருந்து காற்று வந்தது. முதலில் அரண்மனை வாசல் குப்புற விழுந்தது. கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பின. ஒன்று சர்பத் கடைக்குள் புகுந்தது. இன்னொன்று தென்னையில் போய்த் தொங்கியது. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. பெட்டியிலும் ஆள் இல்லை. கூட்டம் இல்லாததால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பொங்கலிட வந்திருந்த மைனி, பானையும் கையுமாக, கூட மூன்று பெண்களோடு அந்தப் பக்கம் வந்தாள். விழுந்து கிடந்த அரண்மனையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பானையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நேரே ராட்டினத்திடம் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் அதில் ஏறியதே இல்லை. அவளைப் பார்த்து, பொங்கலிட வந்த வேறு சில பெண்களும் மூன்று பெட்டிகளில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். மந்திரி பெட்டியில் வழக்கம்போல, பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிய அம்மியும் ஆட்டுரலும்.

"இஞ்ச பாருங்க, இந்தக் கல்ல எறக்கி வையுங்க. எனக்க வெளையப் போட்டு வாங்குன பெட்டி. நான் இருக்கேன்" என்றாள் மைனி.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து கல்லை இறக்கினார். மைனி தன் கூட வந்த மூன்று பெண்களையும் இழுத்து வைத்துக்கொண்டு மந்திரியின் மடியில் அமர்ந்தாள். நானும் செல்லையாவும் பழைய ஞாபகத்தில், கோபுரம் இருந்த நாள் மாதிரி முழு பலத்தையும் கொடுத்து இழுத்தோம். கனமில்லாத ராட்டினம் பிய்த்துக்கொண்டு பறந்தது. மைனி ஓர் அலறல் அலறினாள் பாருங்கள், கோயில் நடையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கு வளையல் கடை காலியாகி, எங்கள் முன்னால் வரிசை நின்றது. அன்று பொழுது சாயும்வரை நாங்கள் கை ஓயவில்லை. மர வியாபாரி வந்தார். ராட்டினத்தில் ஏறிச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. முதல் சுற்று முடிந்து பெட்டி தரைக்கு வந்தபோது மைனியின் கொண்டை அவிழ்ந்து, பொட்டு நெற்றி முழுக்க ஈஷியிருந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். இறங்கக் கைகொடுக்கலாம் என்று அண்ணன் கையை நீட்டினார். அவள் கண்ணைத் திறந்து முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னை.

"வெளைய எதுக்கு வித்தாருன்னு இப்பவும் எனக்கு வெளங்கல. செரி, இன்னொரு சுத்து சுத்துங்க."

எங்கள் தொழில் நேர்மையானதுதான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்: ஒரு தென்னவிளையையே கூலியாகக் கொடுத்து ஏறிய எங்களையும் அது ஏறின இடத்திலேயேதான் இறக்கிவிட்டது.