இரண்டாம் பாதியில் மட்டும் விழும் பந்து

என் தம்பியை ஊரில் எல்லோரும் மூலை என்றுதான் கூப்பிடுவார்கள். கூடைப்பந்து ஆட்டத்தில் மற்றவர்கள் வளையத்துக்குக் கீழே முட்டி மோதிக்கொண்டிருக்க, இவன் மட்டும் இடது மூலையில் போய் நின்றுகொண்டு பந்து வருமா என்று காத்திருப்பான். வந்தால் அங்கிருந்தே தூக்கிப் போடுவான். விழுந்தால் மூன்று புள்ளி. சம்பளத்துக்கு ஆடுகிற லீக்கில் பத்து வருடத்துக்கும் மேலாக அவன் சாப்பிட்டது அந்த மூலைச் சோறுதான். ஓடச் சொன்னால் சுமாராக ஓடுவான், தடுக்கச் சொன்னால் ஆளைக் கோட்டைவிடுவான். குறி மட்டும் தப்பாது.

நான் அதே கிளப்பில் துணி அறையில் வேலை பார்க்கிறேன். கேலரிப் படிகளுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற அறை. துவைக்கிற இயந்திரம் இரண்டு, தையல் இயந்திரம் ஒன்று, ஓர் இஸ்திரி மேஜை. ஆட்டக்காரர்களின் ஜெர்சி, துண்டு, காலுறை, ஷூ எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். தம்பியின் சிபாரிசில் வேலைக்கு வந்தவள் என்று ஒரு பேச்சு உண்டு. தப்பு. முதலில் சேர்ந்தது நான். புதிதாக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவனை இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். சந்தேகம் இருந்தால் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது.

ஏனென்றால் நானே அப்படிப்பட்டவள்தான். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டுக் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் போதும், ஏன், எங்கே, யாருடன் என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவேன். "மத்தவங்க வெளிய போய் போலீஸ் ஸ்டேஷனைத் தேடணும். எனக்கு வீட்டுக்குள்ளயே இருக்கு" என்பார் மனிதர். அவர் சொல்லிக் காட்டுவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால் தம்பியின் மேல் ஊர் சந்தேகப்பட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் உறுத்தியது இரண்டாம் பாதி. இடைவேளை முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். எங்கள் ஹாலில் எங்கள் அணி இரண்டாம் பாதியில் எப்போதும் கதவுப் பக்க வளையத்தில்தான் பந்து போடும். கடைசி இரண்டு வருடமாக அந்தப் பாதியில் மட்டும்தான் தம்பியின் பந்து விழுந்தது. முதல் பாதியில் வளையத்தின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும், இல்லாவிட்டால் விளிம்பைக்கூடத் தொடாது. வெளியூர் ஆட்டங்களில் இரண்டு பாதியும் அதே கதி. "வெளியூர் போனா கைய வீட்லயே வெச்சிட்டுப் போறான்" என்று கேலரியில் சிரித்தார்கள். கோச் அவனை இரண்டாம் பாதிக்கு மட்டும் இறக்க ஆரம்பித்தார். நெருக்கடியில் மின்னுகிற வீரன் என்று பத்திரிகையில் எழுதினார்கள். எனக்கு அது இறங்கவில்லை. கைக்கு இடைவேளை முடிந்தது எப்படித் தெரியும்?

அடுத்தது பார்வை. யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டான். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பான். கடைக்குப் போனால் கடைக்காரர் கல்லாவை இழுத்து மூடுகிற பார்வை அது. சின்ன வயதில் தப்புப் பண்ணிவிட்டு வந்தால்கூட என் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பொய் சொன்னவன் அவன். இப்போது என்னிடம் உப்பு கேட்பதற்குக்கூட ஜன்னலைப் பார்த்தான்.

மூன்றாவது, ஷூ. ஒரு நாள் துடைத்து வைக்கும்போது அவனுடைய வலது ஷூ மட்டும் லேசாக இருப்பதுபோல் பட்டது. திருப்பிப் பார்த்தால் அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்து மெல்லிசாக்கி வைத்திருக்கிறான். இடதில் ஒன்றுமில்லை. புதிதாக வந்த ஜோடியிலும் அதே வேலை. வீட்டுக்கு எடுத்துப் போய் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"இது பந்தயக்காரனுங்க சொல்லிக்குடுத்த வேலை. வழுக்குதுன்னு சொல்லித் தோக்கறதுக்கு" என்றேன்.

"ஷூவத் தேச்சா சூதாட்டமா? நான் கூட பிரேக்க அழுத்தி அழுத்தி ஒரு செருப்பத் தேச்சு வெச்சிருக்கேன். என்னையும் உள்ள தள்ளு" என்றார் அவர்.

நான் விடவில்லை. பயிற்சிக்கு ரொம்ப முன்னாலேயே அவன் கிளம்பிப் போகிற நாளாகப் பார்த்து, பின்னாலேயே போய்க் கேலரிப் படிக்கட்டின் இடுக்கில் நின்றேன். யாராவது வருவார்கள், எதையாவது கை மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. தம்பி மட்டும் கதவுப் பக்க மூலைக்குப் போனான். கண்ணை மூடிக்கொண்டு வலது காலால் தரையை மெதுவாகத் தடவினான். ஓர் இடத்தில் கால் நின்றது. கையில் பந்தே இல்லாமல் எம்பி, பந்து போடுகிற மாதிரி மணிக்கட்டை மடக்கினான். திரும்பத் திரும்ப அதையே செய்தான். யாராவது வந்து பணம் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு வந்த உள்ளூர் ஆட்டத்தில்தான் எல்லாம் கெட்டது. அந்த மூலை குறுகலானது. மூன்று புள்ளிக் கோட்டுக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவே பெரிய மனிதன் ஒருவன் நிற்கிற அளவுதான் இடம். வெளிக்கோட்டை மிதித்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இத்தனை வருடத்தில் தம்பி அதை மிதித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு இரண்டாம் பாதியில் மூன்று தடவை மிதித்தான். மிதிக்காமல் போட்ட பந்துகளும் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்று எல்லோரும் நினைத்திருந்த ஆட்டம் கைவிட்டுப் போனது.

"ஒரு தடவ மிதிச்சா கவனக்குறைவு. மூணு தடவ மிதிச்சா வியாபாரம்" என்று கேலரியில் யாரோ சத்தமாகச் சொன்னார்கள். துணி அறைக்குள் இருந்த எனக்கே கேட்டது.

அந்த வாரமே லீக் விசாரணை வைத்தது; அது முடிகிற வரை அவன் ஆடலாம். ஆட்டத்தை விற்றான் என்று நிரூபணமானால் ஆயுள் தடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பந்து போடக் கற்றுக்கொடுக்கக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

அவன் ஜெர்சி வாங்க வந்தபோது துணி அறைக் கதவைச் சாத்தினேன். தேய்த்த ஷூவை எடுத்து இஸ்திரி மேஜையின் மேல் வைத்தேன்.

"யார்கிட்டடா விலை போன?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"அப்பா அம்மா போனப்புறம் உன்ன வளத்தேன்னு நான் என்னைக்காவது சொல்லிக் காட்டியிருக்கனா? இன்னைக்கு சொல்றேன். உன்ன வளத்தவகிட்டயாவது முகத்தப் பாத்துப் பேசு."

சத்தம் வராமல், தோள் குலுங்க அழுதேன். அவன் கோபமாகத் திரும்பினான்.

"என் பொழப்பே போகப்போகுது. இதுல உனக்கு என்னக்கா சிரிப்பு?"

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். கிட்டே போனேன். கன்னத்தில் கண்ணீர் வழிய அவனுக்கு நேர் எதிரில் நின்றேன். அவன் இன்னும் கோபமாகத்தான் இருந்தான். அவனுடைய கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்தேன். ஈரம் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அப்புறம் ஷூவைத் தள்ளி வைத்துவிட்டு மேஜையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு மங்கல், ஓரத்தில் மட்டும்தான் தெரிகிறது என்று சொன்னான். இரண்டு வருடமாக. யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்த டாக்டர், கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லை, மருந்தும் இல்லை என்று அனுப்பிவிட்டாராம். பந்து பக்கவாட்டில் வருவதால் பிடித்துவிடுவான். வளையம்தான் தெரியாது.

"அப்ப எப்படிடா போட்ட?"

"அந்த மூலையில ஒரு பலகை லேசா மேல தூக்கிட்டு இருக்கும்க்கா. கால்ல அது தட்டுச்சுன்னா நான் எங்க நிக்கிறேன், வளையம் எங்கன்னு உடம்புக்குத் தெரியும். அதுக்குத்தான் ஷூவத் தேச்சேன். இப்ப அந்தப் பலகையக் காணோம். தேடித் தேடிக் கோட்ட மிதிச்சிட்டேன்."

"கிளப் டாக்டர் வருஷா வருஷம் பாக்கறாரே?"

"அவர் ரூம்ல கண்ணு பாக்கற எழுத்துப் பலகைய மாத்தினதே இல்ல. எனக்கு மனப்பாடம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை அறைய வேண்டும் என்றும் வந்தது. "போய் உண்மையச் சொல்லித் தொலை. திருட்டுப் பட்டமாவது போகும்" என்றேன்.

"திருடன்னா நிரூபிக்கணும். அவங்களால முடியாது. சந்தேகத்தோட அடுத்த வருஷமும் ஆடிடுவேன். கண்ணு தெரியலன்னா நாளைக்கே வெளிய. நீ வாயத் தொறக்காத" என்றான். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் கேட்டான். கொடுத்தேன்.

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன் என்று சொல்லவில்லை. ஹாலின் பலகைத் தரையைப் பராமரிக்கிற தச்சரிடம் போனேன். தம்பி என்றால் அந்த மனிதருக்கு உயிர். வெளியூர் ஆட்டக்காரன் ஒருவன் அந்த மூலையில் கால் இடறி விழுந்திருக்கிறான். நம்ம பையனும் விழுந்துவிடப்போகிறான் என்று பயந்து, இவராகவே பலகையைக் கழற்றி இழைத்துக் கண்ணாடி மாதிரி சமமாக்கி வைத்திருக்கிறார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

"அண்ணே, அத முன்ன இருந்த மாதிரியே தூக்கி வெச்சிடுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. கேட்கவில்லை. ஆனால் மூலையின் அக்காவாக அதுவரை என்னைப் பார்த்தவர், அன்றிலிருந்து வேறு மாதிரி பார்த்தார்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் தம்பி போட்டதெல்லாம் விழுந்தது. ஒருவர்கூடக் கை தட்டவில்லை. "விசாரணைன்னதும் கை சரியாயிடுச்சு பாத்தியா" என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். நான் உதவி செய்யப் போய் அவன் கழுத்துக்குச் சுருக்குப் பின்னிக் கொடுத்திருந்தேன். போதாததற்கு, கடைசி நிமிடங்களில் எதிரணிப் பையன் ஒருவன் அந்தப் பலகையில் இடறிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். தச்சரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் என்ன செய்வார், என்னைக் கைகாட்டிவிட்டார்.

கிளப் ஆபீஸ் மாடியில் நீள மேஜை. ஒரு பக்கம் லீக் அனுப்பிய விசாரணை அதிகாரியும் எங்கள் மேனேஜரும். எதிர்ப்பக்கம் நானும் தம்பியும்.

"பலகையத் தூக்கி வைக்கச் சொன்னது நீங்கதானா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"எதுக்கு?"

வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும்.

"எதிரணி ஆளு விழணும்னுதானே? பந்தயக்காரங்களுக்கும் உங்க தம்பிக்கும் நடுவுல ஆள் நீங்கதானே?"

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மேனேஜரின் பக்கம் திரும்பி, ஒருவனுக்குக் கால் முறிந்திருக்கிறது, இந்தம்மாவைப் போலீசில் ஒப்படைப்பதுதான் முறை என்றார். பிறகு தம்பியிடம் குரலை உயர்த்தினார்.

"நீங்க ஏன் எங்கயோ பாக்கறீங்க? மடியில கனம் இல்லன்னா என் முகத்தப் பாத்துப் பேசுங்க."

தம்பி முகத்தைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தான். நான் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"இப்ப உங்க முகத்தத்தான் பாக்கறேன் சார். ஒண்ணும் தெரியல. எங்க அக்கா முகமும் ரெண்டு வருஷமா தெரியல. பலகை எனக்காக. அவங்கள விட்டுடுங்க."

பத்து வருடம் ஆடிய ஆட்டம் அந்த ஐந்து வாக்கியத்தில் முடிந்தது. அதிகாரி அப்போதும் நம்பவில்லை. ஒரு காகிதத்தை நீட்டிப் படிக்கச் சொன்னார். அவர்களுடைய டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அந்த டாக்டரை நாங்கள் வளைத்துவிட்டோமோ என்று இன்னொருவரிடமும் காட்டினார்கள். இருவரும் ஒன்றையே சொன்ன பிறகுதான் விசாரணையை மூடினார்கள்.

ஆட்டத்தை விற்கவில்லை என்று ஊருக்குச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். மேனேஜர்தான் வந்தார். பார்வை இல்லாதவனை இரண்டு வருடம் ஆட விட்டோம் என்று வெளியே தெரிந்தால் கிளப்புக்கு அசிங்கமாம், கணுக்கால் முறிந்தவன் கேஸ் போடுவானாம். "முழங்கால் காயம்னு சொல்லிடலாம். உங்க அக்கா வேலையும் தச்சர் வேலையும் அப்படியே இருக்கும்" என்றார். அவர் காட்டிய இடத்தில் தம்பி கையெழுத்துப் போட்டான். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று கத்தினேன். "தச்சர் எழுதிக் குடுப்பாராக்கா?" என்று கேட்டான்.

இப்போது எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான், வேலை தேடிக்கொண்டு. பழகிய படி என்பதால் இரண்டிரண்டாகத் தாவித்தான் ஏறுவான். நேற்று எதிர்க்கடைக்காரர் வெங்காயம் நிறுத்துக்கொண்டே அதைப் பார்த்தார்.

"முட்டி போச்சுன்னாங்க. இந்த ஏறு ஏறுறாரு உங்க தம்பி" என்றார். கூடவே ஒரு சிரிப்பு.

எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியமாவது ஒன்றாவது என்று கண், பலகை, ஷூ, கையெழுத்து எல்லாவற்றையும் கடை வாசலிலேயே கொட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வளையம் தெரியாமயே அத்தன பந்தும் போட்டாரா?" என்றார். பிறகு பையைக் கட்டி என் கையில் கொடுத்தார். "சரிம்மா. நீங்க சொன்னா சரிதான்."

வீடு வரைக்கும் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்தத் தராசுக்குப் பின்னால் நான் நின்றிருந்தால், நானும் ஒரு வார்த்தை நம்பியிருக்க மாட்டேன்.