ஆண்டவரின் அக்கா

வாய் நிறையக் குண்டூசி இருந்தாலும், குருமார்களுக்கு அங்கி தைத்துத் தரும் 'அங்கி அக்கா'வால் பிறரைத் திருத்தாமல் இருக்க முடியாது. துணி கொடுக்க வந்த பெண், "சார் அங்கியைச் சீக்கிரம் கேட்டாரு" என்று சொன்னால் போச்சு. ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "எந்தச் சாரு? கணக்குப் பாடம் எடுக்கிறாரா? ஃபாதர்னு சொல்லும்மா, வாய் ஒண்ணும் தேஞ்சிடாது" என்பாள்.

குருவானவருக்கு ஃபாதர், கன்னியாஸ்திரிக்குச் சிஸ்டர், ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, ஆண்டவர். மாற்றிச் சொன்னவரின் துணி கூடையின் அடிக்குப் போய்விடும். "தொப்பியைக் கால்ல மாட்டிக்கிட்டு நடப்பியா?" என்று ஒரு கேள்வி வேறு.

இந்தத் தையல் எந்திரத்தை மிதித்துத்தான் தாயில்லாத தம்பியை வளர்த்தாள். எதற்கெடுத்தாலும் நகம் கடிக்கிற பயந்த பிள்ளை. அவன் குருவான அன்றே, "வாங்க ஃபாதர்" என்றாள். அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை.

"உன் தம்பிதானே, என்ன நாடகம்?" என்றார் புருஷன்.

"நானே பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தெருவுல போறவன் மதிப்பானா? தாயில்லாப் பிள்ளைன்னு யாரும் இளக்காரமாப் பேசக் கூடாது."

அதோடு சரி. மலையைக்கூட நகர்த்திவிடலாம், அவளை முடியாது.

போன மாதம் அந்தத் தம்பியை ஆயராக்கிக் கடல் தாண்டிய ஊருக்கு அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள், புது அங்கியைப் போட்டுப் பார்க்கக் கடைக்கு வந்தார். கண்ணாடி முன் நின்றவரைச் சுற்றிச் சுற்றி வந்து ஓரம் மடித்தாள்.

"கையைத் தூக்குங்க ஆண்டவரே."

"அக்கா, மாமாவை விட்டா இங்க யாருமில்லை."

"என்னை ஆள் கணக்குலயே சேர்க்காதே மாப்ளே" என்றார் புருஷன்.

"ஆண்டவரைப் போயி மாப்ளேங்கிறீங்களே!"

"இனிமே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடப் போறாங்கக்கா. போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை தம்பின்னு சொல்லேன்."

"சுவருக்கும் காது இருக்கு. திரும்புங்க ஆண்டவரே."

அவர் முகம் வாடிப்போயிற்று. திரும்பினார். அவள் கடைசி ஊசியைக் குத்தி முடித்தாள். அவர் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டபோது, முறைப்படி முழந்தாளிட்டு, ஆயரின் மோதிரத்தை முத்தமிட அவர் கையைப் பிடித்தாள். மோதிரம் பளபளத்தது. அதற்கு மேலே, நகம் சதைவரை கடிக்கப்பட்டிருந்தது.

புறங்கையில் பளீரென்று ஓர் அடி வைத்தாள். அப்புறம்தான் மோதிரத்தை முத்தமிட்டாள்.